டூட்டி முடிந்தபின் திறக்கும் புத்தகம்

1860-ஆம் ஆண்டு கோடையில், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 15 பெண்கள் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். கிரிமியப் போரில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் செய்த பணிக்கு நன்றியாக மக்கள் திரட்டிக் கொடுத்த நிதி, சுமார் 45,000 பவுண்டு. அந்தப் பணத்தில் தொடங்கிய பள்ளி அது. "நவீன செவிலியர் கல்வியின் தொடக்கம்" என்று புத்தகங்களில் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. அந்தப் பெண்கள் உண்மையில் எப்படிப் படித்தார்கள்? பாடம் புரியாதபோது யாரிடம் போய்க் கேட்டார்கள்?

இந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம் உண்டு. என் அக்கா மகள் துணைச் செவிலியர் படிப்பில் இருந்தபோது ஒருநாள் போனில், "மாமா, டூட்டி முடிச்சு வந்து புக்கைத் தொறந்தா கண்ணு சொருகுது. பிசியாலஜில ஒரு பக்கம் தாண்ட முடியல. கேட்டா, உனக்கெல்லாம் படிப்பு ஏறாதுன்னு சொல்றாங்க" என்றாள். பள்ளியில் நன்றாகவே படித்த பெண். திடீரென்று எப்படிப் படிப்பு ஏறாமல் போகும்?

நான் மென்பொருள் ஆள். ஒரு சிஸ்டம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழுந்தால், பயன்படுத்துகிறவரைக் குறை சொல்வதற்கு முன்னால் டிசைனைத்தான் பார்ப்போம். அதே பழக்கத்தில் செவிலியர் கல்வியின் வரலாற்றைப் புரட்ட ஆரம்பித்தேன். படித்தவரை ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. "படிப்பு ஏறாது" என்ற குற்றச்சாட்டுக்கு ஒன்றரை நூற்றாண்டு வயது. அதற்கு வேலை செய்த தீர்வுகள் எல்லாமே மாணவிகளை மாற்றியதால் வந்தவை இல்லை, ஏற்பாட்டை மாற்றியதால் வந்தவை.

ஆறு மணிக்கு எழுந்தால்

முதலில் செயின்ட் தாமஸ் பள்ளியின் ஒரு நாளைப் பார்ப்போம். பயிற்சி நர்ஸ்களுக்கு அங்கே "ப்ரொபேஷனர்" என்று பெயர். பயிற்சி ஒரு வருடம். தங்குமிடம், சாப்பாடு, சீருடை எல்லாம் கொடுத்து, கையில் வருடத்துக்கு 10 பவுண்டு. காலை ஆறு மணிக்கு எழ வேண்டும், இரவு பத்து மணிக்குப் படுக்கை. நடுவில் சாப்பாட்டு நேரத்தையும் கொஞ்சம் வெளியே நடந்துவரும் நேரத்தையும் கழித்தால் மீதி பெரும்பாலும் வார்டுதான். அந்த மீதிக்குள்ளேயே மருத்துவர்களின் வகுப்பும் நடக்கும், அதற்கான குறிப்பும் எழுத வேண்டும். போதாததற்கு நாட்குறிப்பு வேறு.

கற்றுக்கொள்ள வேண்டியவற்றின் பட்டியல் சின்னதில்லை. கொப்புளத்துக்கும் தீக்காயத்துக்கும் மருந்து கட்டுவது, அட்டை வைப்பது (ஆமாம், ரத்தம் உறிஞ்சும் அட்டைதான், அப்போது அது சிகிச்சை), எனிமா கொடுப்பது, நகர முடியாத நோயாளிக்குப் படுக்கை மாற்றுவது, கட்டுப் போடுவது, நோயாளிக்குச் சமைப்பது, காற்றோட்டம் பார்ப்பது, நோயாளியின் நிலையைக் கவனித்து மருத்துவரிடம் சொல்வது. மேட்ரன் திருமதி வார்ட்ரோப்பர் ஒவ்வொருவரையும் மாதாமாதம் ஒரு பதிவேட்டில் மதிப்பிடுவார். நேரம் தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை போன்ற குணங்களுக்கு ஒரு பகுதி, தொழில் திறமைகளுக்கு இன்னொரு பகுதி.

இந்தப் பெண்கள் யார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆரம்பப் பள்ளி கிடைக்க வழிசெய்த சட்டம் 1870-ல்தான் வந்தது. பள்ளி தேடியது 25 வயதுக்கு மேற்பட்டவர்களை. அப்படியென்றால் சேர்ந்தவர்கள் 1840-களில் குழந்தைகளாக இருந்தவர்கள். வீட்டு வேலை செய்து பிழைத்தவர்கள் பலர். எழுத்துக்கூட்டிப் படிப்பது வேறு, மருத்துவர் வேகமாகப் பேசுவதைக் கேட்டுக் குறிப்பெடுப்பது வேறு. நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு அதைச் செய்வது முற்றிலும் வேறு!

பத்து வருடம் யாரும் கவனிக்கவில்லை

பள்ளி தொடங்கியபோது நைட்டிங்கேல் உடல்நலம் கெட்டு, பெரும்பாலும் வீட்டிலிருந்தே கடிதங்கள் மூலம் வேலை செய்துகொண்டிருந்தார். பள்ளியின் அன்றாடம் வார்ட்ரோப்பர் கையிலும், மருத்துவமனையிலேயே தங்கியிருந்த மருத்துவ அதிகாரி விட்ஃபீல்ட் கையிலும் இருந்தது. வகுப்பு எடுப்பது விட்ஃபீல்டின் பொறுப்பு.

1871-ல் செயின்ட் தாமஸ் மருத்துவமனை தேம்ஸ் கரையில், நாடாளுமன்றத்துக்கு எதிரே, புதிய கட்டடத்துக்கு மாறியது. அந்தச் சமயத்தில்தான் நைட்டிங்கேல் பள்ளியை உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கினார். பார்த்தால், வகுப்புகள் ஒழுங்காக நடக்கவே இல்லை. விட்ஃபீல்டுக்குக் குடிப்பழக்கம். ஊரெல்லாம் புகழ்ந்த பள்ளியில், பாடம் என்ற பகுதி பெயரளவுக்குத்தான் இருந்திருக்கிறது. 1872-ல் விட்ஃபீல்ட் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். ஜான் கிராஃப்ட் என்ற அறுவை மருத்துவர் வந்தார். முறையாக வகுப்பெடுத்தார், எதைப் படிக்க வேண்டும் என்று பட்டியல் கொடுத்தார், வகுப்புக் குறிப்புகளை அச்சிட்டும் தந்தார்.

ஒரு சாதாரண நிர்வாகியாக இருந்தால் இதோடு விஷயம் முடிந்தது என்று விட்டிருப்பார். ஆசிரியர் சரியில்லை, மாற்றிவிட்டோம், அவ்வளவுதான். ஆனால் நல்ல வகுப்பு கிடைத்தால் மட்டும் போதாது என்பது நைட்டிங்கேலுக்குப் புரிந்திருந்தது. வகுப்பில் கேட்டதை மாணவி என்ன செய்கிறாள்? அறைக்குப் போய்த் தூங்கிவிடுகிறாள். வேறென்ன செய்வாள்?

ஹோம் சிஸ்டர்

1872-ல் நைட்டிங்கேல் ஒரு புதிய பதவியை உருவாக்கினார். பெயர் "ஹோம் சிஸ்டர்". (அங்கே வார்டின் தலைமை நர்ஸுக்குத்தான் சிஸ்டர் என்று பெயர். நம் ஊரில் எல்லா நர்ஸும் சிஸ்டர்!) ஹோம் சிஸ்டருக்கு வார்டு பொறுப்பு கிடையாது. மாணவிகள் தங்கும் இல்லத்திலேயே அவர்களோடு தங்க வேண்டும், அவர்கள் படிப்புக்குத் துணையாக இருக்க வேண்டும். முதலில் எலிசபெத் டாரன்ஸ். பிறகு 1875-லிருந்து மேரி கிராஸ்லாண்ட், இருபது வருடங்களுக்கும் மேலாக.

அவர்கள் செய்தது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. மருத்துவர் நடத்தியதை மாணவிகளோடு உட்கார்ந்து மறுபடி படிப்பது. குறிப்புகளைச் சரிபார்ப்பது. புரிந்ததா என்று கேள்வி கேட்டுப் பார்ப்பது. பின்தங்கியவர் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்வது. வார்டில் ஒரு குறிப்பிட்ட நோயாளியைக் கவனித்து மாணவிகள் எழுதிய குறிப்புகள் நைட்டிங்கேல் வரை போகும். அவர் படித்துப் பார்ப்பார், சிலரை வீட்டுக்கு வரவழைத்துப் பேசுவார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது என்னன்னா, பாடம் நடத்துவதும் பாடம் புரிய உதவுவதும் இரண்டு தனி வேலைகள் என்று ஒருவர் ஒப்புக்கொண்டு, இரண்டாவது வேலைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் போட்டார் என்பதுதான். அதற்கு முன்னால் அது மாணவியின் சொந்தப் பிரச்சினை. இதற்குப் பிறகு அது பள்ளியின் பொறுப்பு.

ஹோம் சிஸ்டர் என்ற பதவி இந்திய மருத்துவமனைகளுக்கும் வந்தது, இன்றும் பல இடங்களில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டால் பலருக்கும் நினைவுக்கு வருவது ஹாஸ்டல் வார்டன்தான். கேட் எப்போது பூட்டப்படும், மெஸ் கணக்கு, வெளியே போக அனுமதி. மாணவியோடு உட்கார்ந்து படிக்கத்தான் அந்தப் பதவி தொடங்கியது என்பது மறந்தேபோனது.

முதலில் பாடம், பிறகு வார்டு

ஹோம் சிஸ்டர் வந்ததால் களைப்பு போகவில்லை. பதினாறு மணி நேரம் விழித்திருக்கும் ஒருத்திக்கு எவ்வளவு நல்ல துணை கிடைத்தாலும் கண் சொருகத்தான் செய்யும். இதற்கு அடுத்த தீர்வைக் கண்டவர் அதே செயின்ட் தாமஸ் பள்ளியில் படித்த ஒருவர்.

ரெபெக்கா ஸ்ட்ராங் 1843-ல் பிறந்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், கைக்குழந்தையோடு. 1867-ல் நைட்டிங்கேல் பள்ளியில் சேர்ந்தார். அதாவது, வகுப்புகள் பெயரளவுக்கு நடந்த அதே காலத்தில் அங்கே இருந்தவர். 1879-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனைக்கு மேட்ரன் ஆனார். நர்ஸ்களுக்குத் தனியாகத் தங்குமிடம் கட்டித்தரச் சொல்லிக் கேட்டார். நிர்வாகம் மறுத்தது. 1885-ல் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். 1891-ல் மறுபடி அதே மருத்துவமனைக்கு மேட்ரனாக வந்தார்.

இந்த முறை அவரோடு வில்லியம் மெக்யூவென் என்ற அறுவை மருத்துவர் துணைநின்றார். 1893-ல் இருவரும் சேர்ந்து ஒரு புதிய முறையைத் தொடங்கினார்கள். வார்டில் கால் வைப்பதற்கு முன்னாலேயே மாணவி உடற்கூறு, உடலியங்கியல், சுகாதாரம் முதலியவற்றை வகுப்பில் படிக்க வேண்டும், தேர்வும் எழுத வேண்டும். அதில் தேறினால்தான் வார்டு. படிக்கும் அந்த நாட்களில் அவளுக்கு மருத்துவமனை வேலை எதுவும் கிடையாது. படிப்பு மட்டும்தான்.

இன்று கேட்டால் "இதில் என்ன புதுமை?" என்று தோன்றும். ஆனால் அன்றைக்கு ப்ரொபேஷனர் என்றால் மருத்துவமனைக்குக் குறைந்த செலவில் கிடைத்த வேலையாள். சில வாரங்கள் அவளை வார்டுக்கு அனுப்பாமல் படிக்க வைப்பது என்றால் அந்த வேலைக்கு வேறு ஆள் வேண்டும், செலவு ஆகும். ஸ்ட்ராங் கை வைத்தது அந்தக் கணக்கில்தான்.

நம் ஊர் நர்சிங் மாணவர்களுக்கு "ப்ளாக்" என்ற சொல் நன்றாகத் தெரியும். வார்டு டூட்டி இல்லாமல் தொடர்ந்து வகுப்பு மட்டும் நடக்கும் வாரங்கள். "இப்போ ப்ளாக் ஓடுது" என்பார்கள். அந்த ஏற்பாட்டின் வேர் கிளாஸ்கோவில் இருக்கிறது. ஸ்ட்ராங் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 1944-ல் காலமானார்.

லண்டனிலும் பால்டிமோரிலும்

கிளாஸ்கோவுக்கு இரண்டு வருடம் கழித்து, 1895-ல், லண்டன் மருத்துவமனையின் மேட்ரன் ஈவா லூக்ஸ் ட்ரெடிகர் ஹவுஸ் என்ற வீட்டில் ஆரம்பப் பயிற்சி தொடங்கினார். சில வாரப் பயிற்சிதான், இருந்தாலும் வார்டுக்கு முன்னால். அந்த மருத்துவமனையின் ப்ரொபேஷனர்கள் அளவுக்கு மீறி வேலை வாங்கப்படுகிறார்கள் என்ற புகார் 1890-ல் பிரபுக்கள் சபைக் குழுவின் விசாரணை வரை போயிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1896-ல் ட்ரெடிகர் ஹவுஸுக்கு 30 வயதுப் பெண் ஒருவர் வந்தார், பெயர் எடித் கேவல். அவரைப் பற்றி லூக்ஸ் எழுதிவைத்த மதிப்பீடு அவ்வளவு சிலாக்கியமானது இல்லை. திறமை உண்டு, ஆனால் முழு மனதோடு ஈடுபடுவதில்லை, நேரம் தவறாமையும் இல்லை என்கிற மாதிரி. அதே கேவல்தான் 1907-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு செவிலியர் பள்ளியைத் தலைமையேற்று நடத்தப் போனார். முதல் உலகப் போரில் நேச நாட்டு வீரர்கள் தப்பிக்க உதவியதற்காக 1915 அக்டோபர் 12 அன்று ஜெர்மன் ராணுவம் அவரைச் சுட்டுக் கொன்றது. பயிற்சிக்கால மதிப்பீட்டை வைத்து ஒருவரை முடிவுகட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அமெரிக்காவில் இதே பிரச்சினையை எண்களோடு அணுகியவர் மேரி அடிலெய்ட் நட்டிங். கனடாக்காரர். பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் செவிலியர் பள்ளியில் 1891-ல் தேறிய முதல் வகுப்பைச் சேர்ந்தவர், 1894-ல் அந்தப் பள்ளிக்கே தலைவர் ஆனார். பயிற்சிப் பள்ளிகளில் மாணவிகள் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுத்து 1896-ல் ஓர் அறிக்கை வாசித்தார். "பாவம், பிள்ளைகள் களைத்துப்போகிறார்கள்" என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், மணிக்கணக்கை மேசையில் வைத்தால் பதில் சொல்லியாக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் பள்ளியில் எட்டு மணி நேர வேலை நாளைக் கொண்டுவந்தார், படிப்பை மூன்று வருடமாக்கினார். 1901-ல் வார்டுக்கு முன்னால் ஆறு மாத ஆயத்தப் படிப்பையும் சேர்த்தார்.

1923-ல் ஜோசஃபின் கோல்ட்மார்க் தயாரித்த புகழ்பெற்ற அறிக்கையும் இதே இடத்தில்தான் விரலை வைத்தது. மருத்துவமனையின் வேலைத் தேவையும் மாணவியின் கல்வித் தேவையும் மோதும்போது தோற்பது கல்விதான். நோயாளி காத்திருக்க முடியாது, பாடம் காத்திருக்கும். அதனால் பாடம் காத்துக்கொண்டே இருக்கும்.

யார் வெளியே நின்றார்கள்

இந்தத் தீர்வுகளுக்கு ஒரு விலை இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

ஸ்ட்ராங்கின் ஆரம்பப் படிப்புக்கு மாணவி கட்டணம் கட்ட வேண்டும். அந்த நாட்களில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் அவளே வழி பார்த்துக்கொள்ள வேண்டும். நட்டிங் வேலை நேரத்தைக் குறைத்தபோது மாணவிகளுக்குக் கிடைத்துவந்த மாதத் தொகையையும் நிறுத்தினார். அது சம்பளம் மாதிரி இருப்பதால்தான் மருத்துவமனை அவர்களை வேலையாட்களாகப் பார்க்கிறது என்பது அவர் தரப்பு வாதம். வாதம் நியாயம்தான். ஆனால் கையில் காசு இல்லாத பெண் என்ன செய்வாள்? 1860-ல் வருடத்துக்கு 10 பவுண்டு வாங்கிக்கொண்டு படித்தவளின் தங்கைக்கு இந்தப் புதிய கதவு திறக்கவில்லை.

அவர்களுக்கென்று குறுகிய படிப்புகள் வந்தன. அமெரிக்காவில் 1890-களிலேயே நியூயார்க்கில் மூன்று மாதப் படிப்பு ஒன்று இருந்தது, முதியோரையும் நோயாளிகளையும் குழந்தைகளையும் வீட்டில் கவனித்துக்கொள்ள. அது வளர்ந்து, இன்று ஏறக்குறைய ஒரு வருடத் தொழிற்படிப்பாக நிற்கிறது. கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் "வொகேஷனல் நர்ஸ்" என்பார்கள், மற்ற மாநிலங்களில் "ப்ராக்டிகல் நர்ஸ்". கலிபோர்னியா விதிப்படி மொத்தம் 1,530 மணி நேரம். அதில் பாடம் 576 மணி, நேரடிப் பயிற்சி 954 மணி. அந்த 576-க்குள் மருந்தியலுக்குக் குறைந்தபட்சம் 54 மணி. மருந்துகளின் பெயர், வேலை செய்யும் விதம், பக்கவிளைவு, அளவுக் கணக்கு எல்லாமே அந்த 54 மணிக்குள். எத்தனையோ பேர் இதை ஒரு வேலையும் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு படிக்கிறார்கள்.

இந்தியாவில் துணைச் செவிலியர் படிப்பு 1951-ல், பஞ்சாபின் தரன் தாரன் ஊரில் உள்ள செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் தொடங்கியது. இரண்டு வருடம். நடுநிலைப் பள்ளி அளவு படித்திருந்தால் போதும். 1977-ல் அது பத்தாம் வகுப்புக்குப் பிறகு 18 மாதம் என்று ஆனது. இப்போது ப்ளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருடம். கிராமத்துத் தடுப்பூசி, பிரசவம், தாய்சேய் நலம் எல்லாம் இவர்கள் தோளில்தான் நிற்கிறது. பெரும்பாலும் குடும்பத்தில் முதல் ஆளாகப் பள்ளியைத் தாண்டி வரும் பெண்கள்.

ஆக, படிப்புக்குத் துணை மிக அதிகமாகத் தேவைப்படும் மாணவிதான் மிகக் குறைந்த கால அவகாசத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. 1860-ல் இருந்த முடிச்சு அவிழவில்லை. அது ஏணியின் கீழ்ப்படிக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்

நைட்டிங்கேல் பொதுத் தேர்வுகளை விரும்பியவர் இல்லை. நல்ல நர்ஸைத் தேர்வுத்தாள் காட்டிக்கொடுக்காது என்று கடைசிவரை வாதாடினார். ஸ்ட்ராங் தேர்வை வார்டுக்கு வாசல்படியாகவே வைத்தார். இரண்டு பேரும் நேர் எதிர். ஆனால் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். மாணவி திணறுகிறாள் என்றால் அவளைச் சுற்றியிருப்பதில் எதையாவது மாற்ற வேண்டும்.

படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த வரலாற்றில் கைக்கு உதவும் சிலவும் இருக்கின்றன. பாடத்தைக் கேட்ட அன்றைக்கே, இன்னொருவரோடு உட்கார்ந்து ஒருமுறை சொல்லிப் பார்ப்பது (கிராஸ்லாண்டின் இல்லத்தில் நடந்தது இதுதான்). படித்ததை வார்டில் பார்த்த ஒரு நோயாளியோடு சேர்த்து எழுதுவது. டூட்டி மாதங்களில் புதிய பாடத்தை ஏற்ற முயலாமல், கனமான பாடங்களை ப்ளாக் நாட்களிலேயே முடித்துக்கொள்வது. துணைக்கு ஹோம் சிஸ்டர் இல்லாவிட்டால், அறைத்தோழிகள் மூன்று பேர் சேர்ந்து அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இதெல்லாம் மாணவிகள் செய்துகொள்ளக்கூடியது மட்டுமே. பாக்கி இருப்பது பள்ளிகள் செய்ய வேண்டியது. ஒரு மாணவிக்குப் படிப்பு ஏறவில்லை என்று யாராவது சொன்னால், கேட்க வேண்டிய முதல் இரண்டு கேள்விகளை 1872-லும் 1896-லும் இரண்டு பெண்கள் கேட்டுவைத்துப் போயிருக்கிறார்கள். அவளோடு உட்கார்ந்து படிக்க யாரை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள்? அவள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வார்டில் நிற்கிறாள்?

இந்த இரண்டுக்கும் பதில் வந்த பிறகு, அவள் மூளையைப் பற்றிப் பேசலாம்.